எருமை நடந்த வழி

ஒரு சதுப்பு நிலத்தில் மஞ்சள் வயிற்று ஈப்பிடிப்பான்கள் பத்து குடியிருந்தன. துளித் துளிப் பறவைகள். கோரைத் தண்டில் தொற்றி நின்றால் கோரை பூத்துவிட்டதோ என்றிருக்கும்.

அவர்களில் கொன்றை அந்த வருஷம்தான் கோரைத் தண்டுகளுக்கு நடுவே முதல் கூடு கட்டியிருந்தாள். உள்ளே மூன்று முட்டைகள்.

மூன்று நாள் மழை விட்ட காலையில் கூட்டின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. கொன்றை பதறிப் போனாள்.

"தண்ணீரே, இன்னும் ஏன் ஏறுறே?"

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றது தண்ணீர். "வடிகால் வாயை ஆகாயத்தாமரை அடைச்சுக்கிட்டு நிக்குது. வழி கிடைச்சா இப்பவே ஓடிடுவேன்."

கொன்றையும் அவள் துணை ஆவாரனும் ஓர் ஆகாயத்தாமரைத் தண்டை அலகால் கவ்வி இழுத்தார்கள். தண்டு அசையவில்லை. ஆவாரன்தான் தண்ணீரில் விழுந்து எழுந்தான்.

கரையோரம் ஓர் எருமை படுத்திருந்தது. கொன்றை அதன் கொம்பில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு உதவி..."

"யாரா இருந்தாலும் அப்புறம் வா!" எருமை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "ஈக்கடியில உயிர் போகுது."

கொன்றைக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் அந்த முதுகைப் பார்த்தாள். கொழுத்த ஈக்கள், கறுப்பாய் மொய்த்துக் கிடந்தன.

"எல்லாரும் வாங்க!" என்று கூவினாள்.

பத்துப் பேரும் பாய்ந்தார்கள். அலகுகள் டப்பு டப்பென்று மூடின. எருமைக்குச் சுகத்தில் காது மடங்கியது. பாதியிலேயே கொன்றை எழும்பி வடிகால் பக்கம் பறந்தாள். மற்றவர்களும் பின்னால் பறந்தார்கள்.

"ஏய், எங்க போறீங்க? இன்னும் கழுத்து பாக்கி இருக்கே!"

எருமை எழுந்து நடந்தது. பறவைகள் கழுத்தில் இறங்கிக் கொத்தின, மறுபடி நகர்ந்தன. எருமையும் விடாமல் வந்தது. வால் பக்கம் பாக்கி, வயிற்றுப் பக்கம் பாக்கி என்று கெஞ்சிக்கொண்டே ஆகாயத்தாமரைக்குள் இறங்கியது. நாலு குளம்பும் அழுந்தியதில் அடைப்பு நடுவே பிய்ந்து வழிவிட்டது.

"வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று தண்ணீர் சிரித்துக்கொண்டே ஓடியது.

மத்தியானத்துக்குள் கூடு தண்ணீருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. கொன்றை முட்டைகளைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றும் கதகதப்பாக இருந்தன. கோரைக்காடு முழுக்க ஒரே பாட்டும் கும்மாளமும்.

எருமை வடிகால் ஓரத்திலேயே சொகுசாகப் படுத்துக்கொண்டது. "இப்படி நிம்மதியா மூச்சு விட்டு எத்தனை நாளாச்சு! உங்களுக்கு நான் பதிலுக்கு என்னதான் செய்யப் போறேனோ?" என்றது உருக்கமாக.

கொன்றைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"செஞ்சுட்டீங்களே அக்கா!"