இரண்டு முழங்கால்கள்

"அந்தப் பொண்ணு பந்துக்காக ஓடலை. பந்து போனதுக்கு அப்புறம்தான் ஓடுறா."

மைதானத்துக் காபிக் கடையில் யாரோ ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வரிசையில் பின்னால் நின்ற ஸ்வென்யாவுக்கு அது யாரைப் பற்றி என்று தெரிந்துவிட்டது. அவள் காபி வாங்காமலே திரும்பினாள்.

வடக்கு ஜெர்மனியில், ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பெண்கள் கால்பந்து அணியில் அவள் நடுக்கள ஆட்டக்காரி. போன வருடம் ஒரு மோதலில் வலது முழங்காலில் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. இனி விளையாடலாம் என்று மருத்துவர்களும் சொல்லிவிட்டார்கள். ஓடும்போது கால் நன்றாகத்தான் இருந்தது. எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கப் போகும்போது மட்டும், கடைசி நொடியில் அது தானாகப் பின்வாங்கியது.

அணியின் பயிற்சியாளர் டோர்த்தே. அவரும் நடுக்களத்தில் நாட்டுக்காக ஆடியவர்தான். காலையில் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வந்த, ஆட்டத்துக்குச் சம்பளம் இல்லாத தலைமுறை. கோல் அதிகம் போட்டதில்லை. பந்தைப் பறிப்பதில் பேர் வாங்கினார். அந்தப் பேருக்காக அவருடைய வலது முழங்காலைத் திரும்பத் திரும்ப அறுத்துத் தைத்தார்கள். இப்போது அவர் ஓடக் கூடாது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்.

மற்றவர்கள் மைதானத்தின் மறு பாதியில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஸ்வென்யா உடை மாற்றாமல் டோர்த்தேயிடம் வந்தாள்.

"கோச், ஞாயித்துக்கிழமை மேட்ச்ல என்னைச் சேர்க்காதீங்க. அதுக்கப்புறமும் வேண்டாம்."

"ஏன், சர்க்கஸ்ல சேரப் போறியா?"

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும். பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்."

ஸ்வென்யா அவருடைய வலது முழங்காலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்குப் பயம் எப்படிப் போச்சு?"

"போச்சுன்னு யார் சொன்னா?"

டோர்த்தே ஒரு பந்தைக் காலால் இழுத்துத் தன் முன்னால் நிறுத்தினார்.

"ஷூ மாட்டிக்கிட்டு வா. என்கிட்டேருந்து இதை எடு."

"உங்க டாக்டர் என்ன சொல்லியிருக்கார்?"

"ரொம்ப நல்ல மனுஷன். அவருக்குப் பந்து எடுக்கத் தெரியாது."

மழை பெய்து புல் ஈரமாக இருந்தது. டோர்த்தே பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஸ்வென்யா எதிரில் போனாள், தயங்கினாள். டோர்த்தே நொண்டியபடியே அவளைத் தாண்டிப் போய்விட்டார்.

"நொண்டிகிட்ட ஏமாந்தேன்னு வெளியில சொல்லிடாதே. எனக்குத் தலைக்கனம் வந்துடும்."

மறுபடி வந்தார். மறுபடி தாண்டினார். அவருக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது.

"போதும் கோச்."

"உனக்குப் போதும். எனக்கு இப்பதான் சூடு பிடிக்குது."

அடுத்த முறை அவர் நேராக வரவில்லை. நெருங்கியதும் பந்தை இடது பக்கம் தட்டி, உடம்பையும் அந்தப் பக்கமே திருப்பப் போனார். அப்படித் திரும்பினால் முழு பாரமும் வலது முழங்காலில்தான் இறங்கும். அந்த முழங்கால் நடுங்கியதை ஸ்வென்யா பார்த்தாள்.

"திரும்பாதீங்க."

டோர்த்தே திரும்பினார்.

ஸ்வென்யா பாய்ந்தாள். தோளோடு தோள் மோதியது. பந்து தனியாகக் கழன்று அவள் காலடிக்கு வந்தது. அதே வேகத்தில் டோர்த்தேயின் இடுப்பை ஒரு கையால் வளைத்து, விழாமல் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு இந்த வேலை உங்களுக்கு? கால் மடங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" அவள் கத்தினாள். "உங்களைத் தூக்கிக்கிட்டு யார் ஓடறது?"

டோர்த்தே அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார்:

"எந்தக் காலால எடுத்தே?"

ஸ்வென்யா குனிந்து பார்த்தாள். வலது ஷூவின் உள்பக்கம் முழுக்கச் சேறு.

டோர்த்தேயை மெல்ல நடத்திக்கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவைத்தாள். ஐஸ் பை கொண்டுவந்து, பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, முழங்காலில் வைத்துக் கட்டினாள். "அசையக் கூடாது" என்றாள்.

பிறகு பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்தின் அந்தப் பாதிக்குப் போனாள். அணியிலேயே திடகாத்திரமானவள் பீர்கே. அவள் காலடியில் பந்தை வைத்துவிட்டு, நாலடி பின்னால் போய், அவளைப் பார்த்து நின்றாள். "என்னைத் தாண்டிப் போ" என்றாள்.