ஈரம் காய்வதற்குள்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. யானைக் கூட்டம் ஒன்று அந்த மணலைக் காலால் பறித்து, துதிக்கையால் அள்ளிப் போட்டு, ஆழத்தில் ஓர் ஊற்றைக் கண்டது.

யானைகள் வயிறாரக் குடித்த பிறகும் ஊற்று சுரந்துகொண்டே இருந்தது. கூட்டத்தின் தலைவி, பொன்னலகி என்ற மைனாவைக் கூப்பிட்டது. காட்டில் சேதி சொல்லும் வேலைக்குப் பொன்னலகி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது.

"மான்கள் மேட்டுக் குட்டையில் சேற்றை நக்கிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சேறும் சீக்கிரமே காய்ந்துவிடும். இங்கே எல்லோருக்கும் தண்ணீர் இருக்கிறது என்று போய்ச் சொல். நாங்கள் போனால் மிரண்டு ஓடிவிடும்" என்றது தலைவி.

"இதோ, இப்போதே போகிறேன் அம்மா!" என்று மைனா பறந்தது.

பாதி வழியில் மயில் கூப்பிட்டது. "மாலையில் என் ஆட்டம் இருக்கிறது. நாலு பேருக்குச் சொல்லிவிட்டுப் போயேன்!"

மறுத்தால் கெட்ட பெயர் வருமே என்று பொன்னலகி பயந்தது. மயிலின் ஆட்டத்தைக் காடெங்கும் சொல்லி வந்தது. பிறகு குரங்கு கூப்பிட்டது. அதன் அத்திமரத்தில் பழம் பழுத்திருந்ததாம். அதையும் எல்லோருக்கும் சொல்லி முடித்தது.

பொழுது சாயும்போதுதான் குட்டையை அடைந்தது. தாமதத்தை ஈடுகட்ட, தொண்டை கிழியக் கத்தியது.

"தண்ணீர்! தண்ணீர்! ஆற்றுக்கு வாருங்கள்!"

மான்கள் நாலாபுறமும் தெறித்து ஓடின. மறுநாள் மைனா இன்னும் கிட்டே போய், இன்னும் உரக்கக் கத்தியது. மான்கள் இன்னும் வேகமாக ஓடின. ஒரு குட்டிமான் மட்டும் கால் மடங்கி விழுந்தது. அதன் தாய் மருளி திரும்பி ஓடிவந்து, குட்டியின் மேல் குனிந்து நின்றது.

"ஏன் அக்கா ஓடுகிறீர்கள்? தண்ணீர் என்றுதானே சொன்னேன்?" என்றது மைனா.

"பறவை கத்தினால் புலி வருகிறது என்றுதான் எங்கள் கால்களுக்குத் தெரியும். என்ன சொல்கிறது என்று நின்று கேட்டவர் யாரும் இன்று உயிரோடு இல்லை."

"இப்போது கேட்டுவிட்டீர்களே! ஆற்றில் யானைகள் ஊற்றுத் தோண்டியிருக்கின்றன. வாருங்கள்."

"யானைகள் நிற்கிற இடத்துக்கா?" மருளி தலையை ஆட்டியது. "வெறும் பேச்சை நம்பிக் குட்டியை அங்கே கூட்டி வரமாட்டேன், தங்கச்சி."

அடுத்த நாள் காலையில் பொன்னலகி யாருக்கும் எந்தச் சேதியும் சொல்லவில்லை. குட்டையோரத்து வேலமரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, மான்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சும்மா உட்கார்ந்துவிட்டாயா?" என்று குரங்கு கேலி செய்தது.

மைனாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அசையவில்லை.

கிளிக்கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு போனது. மான்கள் காதை விறைத்துப் பதறின. கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய காற்று வீசியது. எல்லா மூக்குகளும் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பின. ஒரு மான்கூடப் பதறவில்லை.

'காதில் விழுந்தால் பயப்படுகின்றன. மூக்குக்குத் தெரிந்தால் நம்புகின்றன' என்று மைனாவுக்குப் புரிந்தது. உடனே ஆற்றுக்குப் பறந்து, ஊற்றில் முங்கிக் குளித்து, சொட்டச் சொட்டத் திரும்பியது.

வழியில் மயில் மறித்தது. "அன்றைக்கு என் ஆட்டத்துக்கு யாருமே வரவில்லை. இன்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு."

"ஒரே ஒரு தடவைதானே" என்று பொன்னலகி நின்றது. சொல்லிவிட்டுக் குட்டைக்கு வந்து, மருளியின் முன்னால் இறகை உதறியது. புழுதிதான் பறந்தது. வெயில் எல்லா ஈரத்தையும் குடித்திருந்தது.

மருளி முகத்தைத் திருப்பிக்கொண்டது. குட்டி எழுந்திருக்கவே இல்லை. அதன் விலா மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க மைனாவுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

மறுபடி ஆற்றுக்குப் பறந்தது. மறுபடி முங்கியது. திரும்பும் வழியில் மயில் வாயெடுப்பதற்குள், "மாலையில் வருகிறேன் அண்ணா. இந்த ஈரம் காய்வதற்குள் நான் போய்ச் சேரவேண்டும்" என்றது.

"என்னைவிட அது முக்கியமா?" என்று மயில் தோகையைச் சிலுப்பியது.

"இப்போதைக்கு ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே மைனா பறந்துவிட்டது. குரங்கு கூப்பிட்டதற்கும் அதே பதில்தான்.

குட்டையை அடைந்ததும் பொன்னலகி ஒரு வார்த்தை பேசவில்லை. குட்டியின் முகத்துக்கு மேலே இறகை உதறியது. சில துளிகள் விழுந்தன. குட்டி நாக்கை நீட்டி நக்கியது. மருளி குனிந்து, குட்டியின் நெற்றியை முகர்ந்தது.

"இது குட்டைத் தண்ணீர் இல்லை. ஆற்று மணல் வாசம் அடிக்கிறது" என்று மெல்லச் சொன்னது.

மற்ற மான்களும் ஒவ்வொன்றாக வந்து முகர்ந்தன. மருளி குட்டியை மூக்கால் முட்டி எழுப்பியது. மைனா தாழப் பறந்து முன்னே போக, மான்கள் பின்னே நடந்தன.

ஆற்றில் யானைகளைக் கண்டதும் மருளி நின்றுவிட்டது. தலைவி யானை தன் கூட்டத்தை அக்கரைக்கு நகர்த்தியது. குட்டி தள்ளாடி இறங்கி, ஊற்றில் வாய் வைத்தது. அதன்பின் எல்லா மான்களும் இறங்கின.

யாரும் மைனாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா முகங்களும் தண்ணீருக்குள் இருந்தன.

நீதி: கூப்பிட்டவர்க்கெல்லாம் நேரத்தைக் கொடுப்பவரிடம் யோசிக்க நேரம் மிஞ்சாது, யோசிக்காமல் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் சேதி போய்ச் சேராது.