ஹவில்தார் நேரில் வர வேண்டும்

“ஆளை நேர்ல கூட்டிட்டு வாம்மா. உயிரோட இருக்காரான்னு நான் கண்ணால பார்க்க வேண்டாமா?” என்று கத்தினார் பென்ஷன் அதிகாரி நெடுஞ்செழியன்.

“ஹவில்தார் அடிதடி கேஸ்ல ஜெயில்ல இருக்காரு சார். எப்படி வருவாரு?” என்றாள் இசக்கியம்மாள். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் கூட்டிப் பெருக்குகிறவள் அவள். பக்கத்தில் ஹவில்தாரின் மனைவி மரகதம் நின்றிருந்தாள். பென்ஷன் நின்றுவிட்டால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

“அது என் கவலை இல்ல. நேர்ல வராதவர் என் கணக்குல செத்தவர்.”

“அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார், புண்ணியமாப் போகும்.”

“எதுக்கு?”

“ஜெயிலர்கிட்ட காட்டுறேன். செத்தவரைப் பூட்டி வச்சு அவங்க என்ன செய்யப் போறாங்க? சாயங்காலமே விட்டுடுவாங்க. நாளைக்குக் காலையில முதல் ஆளா உங்க முன்னாடி வந்து நிப்பாரு.”

வரிசையில் நின்ற பென்ஷன்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. “சரியான வாயாடி,” என்று மேஜையைப் பூட்டினார். “இன்னைக்கு ஜெயில்ல பார்க்க விடுவாங்களா?”

“நீங்க போனா விடுவாங்க சார்.”

வாசலில் அவர் தன் ஸ்கூட்டரின் பின்சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தார். மரகதம் ஏறி உட்காரும்வரை வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.