இரவல் கொடுத்த இலை

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. கூப்பிட்டால் ஏன் என்று கேட்கும், பிடிக்காதவர் வந்தால் முணுமுணுக்கும். ஆறு கடலில் சேரும் ஓர் ஊரில், ஈரக் கரையில், ஒரு மாமரமும் ஓர் உதளை மரமும் அருகருகே நின்றன.

மாமரத்தடியில் எந்நேரமும் கூட்டம். உதளையை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. அதன் காய் விஷம் என்று ஊருக்கே தெரியும். அப்போது அதன் இலை வட்டம், காய் சொரசொரப்பு. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும்.

ஒருநாள் உதளை அழுதது. "அக்கா, ஒரு குருவிகூட என் மேல உக்கார மாட்டேங்கு. உன் சாயலக் கொஞ்சம் இரவல் தா. இந்த ஒரு கோடைக்குப் போதும்."

மாமரத்துக்கு இளகின மனசு. பெருமையும் உண்டு. தன் நீண்ட இலையைக் கொடுத்தது, பச்சைக் காயின் வடிவத்தையும் கொடுத்தது. பூவைக் கேட்டபோதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் தன் பொடிப் பூக்களில் அதற்கு அத்தனை கர்வம். அதனால் உதளை தன் பெரிய வெள்ளைப் பூவோடேயே நின்றது.

பூ இருந்தவரை வித்தியாசம் தெரிந்தது. பூ உதிர்ந்து காய் பிடித்ததும் எது எதென்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டுமே இலை கொட்டி மொட்டையாக நிற்கிற ஜாதி இல்லை. வருஷம் முழுக்க ஒரே பச்சை.

முதலில் ஓர் அணில் செத்தது. பிறகு ஒரு குரங்குக் குட்டி. அப்புறம் படகோட்டி இசக்கிமுத்து. மத்தியானக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு காய் பறித்தவன், துடுப்பைப் பிடித்தபடியே சாய்ந்தான். ஊர் நடுங்கிப்போனது. எந்த மரம் என்று வந்து கேட்டார்கள். உதளை பேசவில்லை. மாமரமும் பேசவில்லை. சாயல் கொடுத்தது தான்தான் என்று தெரிந்தால் கோடாரி வரும் என்று அதற்குப் பயம்.

"திருப்பிக் கொடுத்துருடீ" என்று ஆள் இல்லாத நேரத்தில் கெஞ்சியது.

"கோடைக்குத்தானே தந்தே அக்கா? கோடை இன்னும் இருக்கே" என்றது உதளை.

அக்கரையிலிருந்து வைத்தியர் வந்து, வீட்டுக்கு வீடு ஒரு சிமிழ் மாற்றுமருந்து கொடுத்துவிட்டுப் போனார். உதளைக் காய் தின்றவர்களை அது காப்பாற்றும். தின்னாதவர் வாயில் விழுந்தால் அதுவே கொன்றுவிடும்.

கோயில் கொடைத் திருவிழா வந்தது. பெண்கள் எல்லாரும் கோயிலில் பொங்கல் பானைகளோடு நின்றார்கள். இசக்கிமுத்துவின் மனைவி மாடத்தியும் அங்கேதான் இருந்தாள். அவளுடைய ஒரே மகள் பவளம் கையில் ஒரு பச்சைக் காயோடு வந்து நின்றாள். பாதிக் காய் இல்லை. காம்பில் ஓர் இலை இருந்தது.

"ஏட்டி, எந்த மரத்துலட்டி பறிச்சே?"

"கீழ கெடந்துச்சும்மா. நல்லாவே இல்ல. பசிச்சுது, தின்னுட்டேன்."

மாடத்தி வீட்டுக்கு ஓடிச் சிமிழை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தப்பினால் பெற்றவள் கையாலேயே பிள்ளை போய்விடும்.

"இது யாரு காய்? வாயத் தொறந்து சொல்லுங்க!"

"அக்காவோடதுதான்" என்றது உதளை, கொஞ்சமும் கூசாமல்.

மாமரம் வாயைத் திறக்கப் போனது. அதற்குள் மாடத்தியின் அலறல் கேட்டு ஆண்கள் கோடாரிகளோடு ஓடி வந்தார்கள். கோடாரியைப் பார்த்ததும் அதற்குப் பேச்சு அடைத்துக்கொண்டது. பவளத்தின் கால்கள் சில்லிட்டன.

"அம்மா, தூக்கம் வருது."

"தூங்காதட்டி! என்னப் பாரு, என்னப் பாரு!"

அதற்கு மேல் மாமரத்தால் தாங்க முடியவில்லை. "இலையும் காயும் நான் கொடுத்தது தாயி. வாசனைய மட்டும் கொடுக்கல. காம்புல இருக்க இலையக் கசக்கு. மாங்காய் வாசம் அடிச்சா என்னுது. வெள்ளையாப் பால் வந்தா அவளுது."

மாடத்தி கசக்கினாள். விரல் இடுக்கில் வெள்ளையாகப் பால் வந்தது. சிமிழைத் திறந்து அப்படியே மகள் வாயில் ஊற்றினாள். மருந்து கடைவாய் வழியாக வெளியே வழிந்தது. பவளம் விழுங்கவில்லை.

ஆண்கள் இரண்டு மரத்தையும் வெட்டக் கோடாரியை ஓங்கினார்கள். மாமரம் வெட்டுங்கள் என்றே சொன்னது. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. மற்ற மரங்களும் அன்றோடு வாயை மூடிக்கொண்டன.

"வெட்டாதீங்க" என்றாள் மாடத்தி. "மாமரத்த வெட்டிட்டா நல்ல இலை எதுன்னு எதப் பாத்துச் சொல்லிக் குடுப்பீங்க?"

மகளை அடக்கம் செய்துவிட்டு வந்தவள், மாவிலைகளைக் கசக்கி முகர்ந்து பறித்து, கயிற்றில் கோத்து, தன் வீட்டு நிலைப்படியில் கட்டினாள். அடுத்த கொடைக்கு ஊரில் ஒரு வாசல் விடாமல் கட்டிக்கொண்டே போனாள்.

பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "நல்ல நாளும் அதுவுமா இத எதுக்கு மைனி கட்டுதிய?"

"நல்ல இலை வாசம் பிள்ளையளுக்குத் தெரியட்டும். நல்ல நாள்லதான் நாம பிள்ளையளப் பசியோட விட்டுருதோம்" என்றாள் மாடத்தி.

அன்று முதல்தான் வீட்டில் விசேஷம் என்றால் அடுப்பு மூட்டும் முன்னே வாசலில் மாவிலை ஏறுகிறது. அதைக் கட்டுகிற கை இன்றைக்கும் ஓர் இலையையாவது கசக்கி முகர்ந்து பார்க்கிறது, ஏன் என்று தெரியாமலே.