இலை போடாத பந்தி

மலையடிவாரத்துல ஒரு மடம். மடம்னதும் கோபுரம், யானைன்னு கற்பனைய ஓட்டாதீங்க. தகரக் கூரை, ரெண்டு வேப்பமரம், ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்கெல்லாம் சோறு. அவ்ளோதான்.

நடத்துறது ஞானாம்பிகை. நாப்பது வயசு இருக்கும். காவி கட்டுன நாள்லருந்து எல்லாருக்கும் அவங்க ‘சாமி’. அவங்களோட மூத்த சீடர் தெய்வநாயகம், வயசுல அவங்களவிட பெரியவரு. டவுன் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். ஞாயித்துக்கிழமையானா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சாம்பார் வாளியத் தூக்கிடுவாரு.

அன்னைக்குத் தூக்கல. மரத்தடியில உக்காந்து போனையே மொறச்சுக்கிட்டு இருந்தாரு.

“என்ன வாத்தியாரே, போன் ஏதாச்சும் எதுத்துப் பேசிடுச்சா?”

“போன் இல்ல சாமி. யோகலட்சுமின்னு ஒருத்தி, பதினொண்ணாவது. சாயங்காலத்துக்குள்ள இன்டர்னல் மார்க் ஏத்தணும். அவளுக்கு முட்டை போடலாம்னு இருக்கேன். போட்டா ஃபெயில்தான். கை வரமாட்டேங்குது.”

“என்ன பண்ணினா?”

“ஒண்ணுமே பண்ணல, அதான் கடுப்பு. பாடத்த வீடியோவா எடுத்து எல்லாருக்கும் போன்ல அனுப்புறேன். பாத்துட்டு பதில் அனுப்பணும். இவ ஒரு தடவகூட அனுப்பல. இத்தனைக்கும் நீல டிக் விழுது சாமி! பாத்துட்டு கம்முனு இருக்கா. எவ்ளோ திமிரு!”

“யாரு போனு?”

“அவங்க அப்பா போனு. வீட்ல அது ஒண்ணுதான்.”

“அப்பா எங்க இருக்காரு?”

“லாரி ஓட்டுறாரு. நாக்பூர் லைன். மாசம் முழுக்க ரோட்லதான்.”



“அப்ப உங்க பாடத்த நாக்பூர் பக்கம் ஏதோ ஒரு தாபாவுல உக்காந்து அவருதான் பாத்திருக்காரு. அந்த மார்க்க அவருக்குப் போட்டுடுங்க.”

வாத்தியாருக்குச் சுருக்குன்னுச்சு. “கிண்டல் பண்ணாதீங்க சாமி. மனசு இருந்தா வழி கிடைக்காதா? கேட்டா ஒரு கதை விடுறா. கூடப் படிக்கிற பொண்ணு வீட்டுக்கு வீடியோ பாக்கப் போனாளாம். அந்த வீட்டம்மா வாசல்லயே நிக்க வச்சு, பாதி ஓடும்போதே ‘சார்ஜ் தீந்துடும் கெளம்பு’ன்னுட்டாங்களாம். பாத்த வரைக்கும் பேப்பர்ல எழுதிட்டு வந்து நீட்டுறா.”

“வாங்கிப் பாத்தீங்களா?”

“அதெப்படி சாமி? ஆன்லைன்ல வந்தாத்தான் மார்க். ரூலு.”

“மத்த புள்ளைங்க?”

“அதுல பாதிப் பேரு லேப்டாப்பே வச்சிருக்கானுங்க. ஒருத்தனுக்கு அவங்க அக்கா செஞ்சு குடுக்குறா, எனக்கே தெரியும். ஆனா டயத்துக்கு டாண்ணு வந்துடும். ஃபுல் மார்க் போட்டுருவேன்.” பெருமையா வேற சொன்னாரு. “நான் ஓரவஞ்சன பண்ணல. எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே டயம். இதுல என் தப்பு என்ன? அத மட்டும் சொல்லுங்க.”

சாமி மொகம் செவந்துடுச்சு. ஆனா சத்தம் போடல.

“பந்தியில உக்காருங்க. இன்னைக்கு நான் பரிமாறுறேன்.”

உக்காந்தாரு. சாமி வரிசையா இலை போட்டுக்கிட்டே வந்தாங்க. வாத்தியாரத் தாண்டி அடுத்தவருக்குப் போட்டுட்டு, போயிட்டே இருந்தாங்க.

மறந்துட்டாங்க போலன்னு இவரு தொண்டையச் செருமுனாரு. இருமுனாரு. சாமிக்கு அன்னைக்குன்னு பாத்து காது கேக்கல.

சோறு வந்துச்சு. எல்லாருக்கும் ரெண்டு கரண்டி. இவருக்கும் ரெண்டு கரண்டி, கையில.

“சாமி, இலை…”

அதுக்குள்ள சாம்பார். கொதிக்கக் கொதிக்க, சோத்து மேல ஒரு கரண்டி.

“ஆத்தாடி!”

கைய உதறுனாரு. பாதி சோறு மடியில, பாதி மண்ணுல. பக்கத்துல இருந்தவரு அப்பளத்த நறுக்குன்னு கடிச்சுக்கிட்டே, “மெதுவா சார்”னாரு.

அடுத்து ரசம். அதச் சொல்லவே வேணாம்.

எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு இலைய மடிச்சாச்சு. ஆனா ஒருத்தரும் எந்திரிக்கல. பந்தியில ஒருத்தர் மீதி இருக்கும்போது மத்தவங்க எந்திரிக்கக் கூடாதில்ல? மொத்தப் பந்தியும் வாத்தியாரையே பாத்துச்சு. வெளிய அடுத்த பந்திக்காரங்க வேற எட்டி எட்டிப் பாக்குறாங்க.

“என்ன வாத்தியாரே, சாப்பிடலையா?” சாமி ஊருக்கே கேக்குற மாதிரி கேட்டாங்க. “கரண்டி எல்லாருக்கும் ஒரே கரண்டிதான். சோறு ஒரே சோறு. எல்லாரும் முடிச்சாச்சு. நீங்க மட்டும் ஏன் இப்படிச் சோம்பேறியா இருக்கீங்க?”

பந்தி சிரிச்சுச்சு.

வாத்தியாருக்கு வந்துச்சே கோவம்! “இலையே போடாம சோம்பேறிங்கறீங்களே, இது நியாயமா? வாய் விட்டுக் கேக்க வந்தேன், காதுலயே வாங்கல. கை வெந்து போச்சு. இத்தனை பேரு முன்னாடி…”

அங்கயே நின்னுடுச்சு பேச்சு.

செவந்து கிடந்த உள்ளங்கையக் குனிஞ்சு பாத்தாரு. குரல் எறங்கிப் போச்சு.

“புரிஞ்சுது சாமி. முட்டை போடல. பாவம், அந்தப் பொண்ணுக்கு பாஸ் மார்க் போட்டு விட்டுடுறேன்.”

“பாடம்?”

“பாடம்… இனிமே எங்க சாமி? அடுத்த பாடமே அனுப்பியாச்சு. பாஸ் ஆயிட்டா அவளுக்கு வேற என்ன கவலை?”

சாமி வாளியக் கீழ வச்சாங்க. பந்தியப் பாத்துச் சொன்னாங்க.

“வாத்தியார் சாப்பிட்டு முடிச்சாச்சு. எல்லாரும் எந்திரிங்க.”

ஜனம் எந்திரிச்சுச்சு. வாத்தியார் பதறிட்டாரு.

“சாமி! நான் எங்க சாப்பிட்டேன்? எனக்குப் பசிக்குது!”

“உங்களுக்குத்தான் பாஸ் போட்டாச்சே வாத்தியாரே, அப்புறம் என்ன பசி? எந்திரிங்க. இலை இருக்கறவங்க உக்காரட்டும்.”