புலன் கடந்து லாசரைத் தேடிய சங்கம்

கூழாங்குளத்து ஆட்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதை ஓர் எழுத்துக் குறையாமல் செய்வார்கள். ஊரின் தொல்லையே அதுதான்.

ஒருநாள் பட்டணத்துப் பேராசிரியர் ஒருவர் வந்து, புலன்கடந்த அறிவு என்றால் என்ன என்று மண்டபத்தில் இரண்டு மணி நேரம் பேசினார். "கண், காது, மூக்கு, நாக்கு, தோல், இந்த ஐந்தின் தயவும் இல்லாமல் ஒன்றை அறிந்தால்தான் அந்தப் பெயர். கண்டதையும் கேட்டதையும் அதில் சேர்க்காதீர்கள்" என்று கறாராகச் சொல்லிவிட்டு, நாலு இட்லியைத் தின்று பஸ் ஏறினார். மறுநாளே ஊரில் அதற்கு ஒரு சங்கம் முளைத்தது. சூசைமாணிக்கம் தலைவர், இஞ்ஞாசி செயலாளர்.

மூன்றாம் நாள் காலை, செலின் துணி அலசிவிட்டுத் திரும்பினால், இரண்டரை வயது மகன் லாசரைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. எட்டிப் பார்த்தாள், தண்ணீர் அசையவில்லை. ஈரக் கையோடு மண்டபத்துக்கு ஓடினாள்.

"அழாதம்மா, சங்கம் இருக்கு" என்றார் சூசை.

ஜன்னலோரம் நின்ற இஞ்ஞாசி, "வாசல்ல பூவரச மரத்தடியில லாசர் மண்ணு தின்னுட்டிருக்கான்" என்றான்.

"எப்படித் தெரிஞ்சது?"

"கண்ணால பார்த்தேன்."

"வெட்கமா இல்ல? நீயெல்லாம் ஒரு செயலாளர்."

இஞ்ஞாசி தலைகுனிந்து, பார்த்ததை வாபஸ் வாங்கினான்.

"அண்ணே, நான் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துடவா?" என்றாள் செலின்.

"அது வெறும் பார்வை, எவனும் பார்ப்பான். உனக்குப் பிள்ளை வேணுமா, பார்வை வேணுமா?"

பிள்ளைதான் வேண்டும் என்று செலின் ஒப்புக்கொண்டாள்.

மூவரும் கண்ணைக் கட்டினார்கள். காதில் பஞ்சு, மூக்கில் துணிக் கிளிப். நாக்கை என்ன செய்வது என்று அரைமணி நேரம் விவாதம். வெளியே நீட்டிவிட்டால் அது உள்விவகாரத்தில் தலையிடாது என்று முடிவானது. தோலுக்காக ஆளுக்கொரு கோரைப்பாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நீட்டிய நாக்கோடு வாசலுக்கு நடந்தார்கள்.

செலின் படியில் தடுக்கி, பாயோடு உருண்டு மரத்தடியில் போய்க் கிடந்தாள். லாசர் குதூகலமாக அவள் வயிற்றில் ஏறி உட்கார்ந்தான். அவள் போட்ட கூச்சல் பஞ்சையும் துளைத்தது. சூசை கட்டுகளை அவிழ்த்துவிட்டு விசாரிக்க வந்தார்.

"இவன்தான்னு எப்படித் தெரியும்?"

"கழுத்தைக் கட்டிக்கிட்டான் அண்ணே."

"தோல். செல்லாது."

"அம்மான்னு கூப்பிட்டான்."

"காது."

"முத்தம் கொடுத்தேன், ஒரே மண்ணு."

"நாக்கு. ஏம்மா, சங்கத்தைக் கெடுக்கவே வந்தியா?"

"அப்போ இவன் இன்னும் கிடைக்கலையா?"

"விதிப்படி இல்ல."

செலின் விசும்பிக்கொண்டே பிள்ளையை மரத்தடியில் இறக்கிவிட்டு, மறுபடி பாய்க்குள் புகுந்தாள்.

உச்சிவெயிலில் மூவரும் கட்டுகளை அவிழ்த்தபோது மரத்தடி காலி. செலின் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். இஞ்ஞாசியின் முகமோ மலர்ந்தது.

"தலைவரே, இங்க இல்லாத லாசரை நம்ம கண்ணு பார்க்கல, காது கேட்கல, தோலு தொடல. ஆனா அவன் இல்லன்னு மூணு பேருக்கும் தெரியுது."

சங்கத்தின் முதல் வெற்றி என்று சூசை கைகுலுக்கினார்.

செலின் தலைதெறிக்க வீட்டுக்கு ஓடினாள். அடுக்களையில் சோற்றுப் பானைக்குள் கைவிட்டபடி லாசர் உட்கார்ந்திருந்தான். ஓடிப்போய் அள்ளப் போனவளுக்கு, கண்ணால் பார்த்தால் சங்கத்தின் வெற்றி கெட்டுவிடுமே என்று சட்டென உறைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்து, சோறு பிசைந்து ஊட்டினாள். முதல் கவளம் அவன் காதுக்குள் போனது.