சடையாண்டியின் ரேடியோத் திருகு

ஒரு ஊர்ல ஒரு ரேடியோப் பொட்டி இருந்துச்சாம். என்ன சிரிப்பு? தெனமும் உனக்கு ராஜாவும் ராணியுமே வேணுமாக்கும்! பேசாமப் படுத்து ‘ம்’ கொட்டு.

“ம்.”

அந்தப் பொட்டி சடையாண்டின்னு ஒரு பெரியவரோடது. அவருக்குக் கண்ணு ரெண்டும் தெரியாது. சாயங்காலமானாப் பாட்டுக் கேக்கணும், மனுசனுக்கு அது ஒண்ணுதான் சந்தோசம். காதைத் திருகுற மாதிரி ரேடியோவைத் திருகுவமே, அந்தத் திருகு தேஞ்சு தேஞ்சு கூழாங்கல்லாட்டம் வழவழன்னு ஆயிருச்சு. எந்தப் பக்கம் நிக்குதுன்னு விரலுக்குப் பிடிபடாது. கொஞ்சம் நகந்துட்டாப் போச்சு! கர்ர்ர்... கொய்ங்ங்னு பாட்டைத் தேடியே பொழுது போயிரும். அதனால, “என் பொட்டியை எவனும் தொடக்கூடாது”ன்னு கறாராச் சொல்லி வச்சிருந்தாரு.

அப்போ அந்த வீட்டுக்குப் புதுசா ஒரு மருமக வந்தா. பேரு செல்லக்கிளி. வந்து ஒரு மாசமாகியும் மாமனார் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. “இந்தாம்மா, தண்ணி கொண்டா.” “இந்தாம்மா, என் கைக்கம்பை எடு.” அம்புட்டுதான். வாயில என்ன கொழுக்கட்டையா? மாமனாருக்கு நம்மளைப் பிடிக்கலையோன்னு அவளுக்கு உள்ளுக்குள்ள அழுகையா வரும். தாயில்லாப் பிள்ளை, பாவம்.

ஒருநா அவரு டீக்கடைக்குப் போயிருந்தாரு. இவ பொட்டி மேல தூசி தொடைச்சா. அப்போ துணி மாட்டி இழுக்க, படக்! திருகு ரெண்டாப் பொளந்து கீழ விழுந்துச்சு. அவளுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சாயங்காலத்துக்குள்ள ஒட்டியாகணுமே!

மொதல்ல சோத்துப் பருக்கையை நசுக்கி ஒட்டினா. காஞ்சதும் மாட்டித் திருகினா, பொத்துன்னு விழுந்துச்சு. அப்புறம் முருங்கைப் பிசினைச் சுரண்டிட்டு வந்தா. அது பிசுபிசுன்னு நின்னுச்சே தவிர காயவே இல்ல. அப்புறம் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு பசை ட்யூப் வாங்கிட்டு வந்தா.

“ஒரு சொட்டு போதும்மா”ன்னாரு கடைக்காரர். கேட்டாளா? பதட்டத்துல புளுக்குன்னு அமுக்கிட்டா! திருகும் ஒட்டுச்சு, அவ கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து ஒட்டிக்கிச்சு. திருகோட ஓரத்துல மொளகு கணக்கா ஒரு பசைக்கட்டி வேற. சுரண்டு சுரண்டுன்னு சுரண்டினா, போகல. மாட்டி வச்சு நிமிர்றா, வாசல்ல டொக், டொக்னு கம்புச் சத்தம்!

தூங்கிட்டியா?

“இல்ல, சொல்லு.”

சடையாண்டி வந்து உக்காந்தாரு. கை திருகுக்குப் போச்சு. போன கை நின்னுருச்சு.

“இதென்ன மேடு?”

“மாமா, நான்தான் உடைச்சுட்டேன் மாமா!” ஓன்னு அழுதுட்டா.

மனுசன் திருகைத் திருகினாரு. கர்ர்ர்... கொய்ங்ங்... பாட்டு வந்துச்சு. அந்த மேட்டைத் தடவிப் பாத்தாரு. அப்புறம் வேணும்னே கலைச்சு விட்டாரு. மேட்டைப் பிடிச்சு மறுபடி அதே எடத்துக்குக் கொண்டாந்தாரு. டக்குன்னு பாட்டு! திரும்பக் கலைக்கிறாரு, திரும்பப் பாட்டு! சின்னப் பிள்ளையாட்டம் சிரிக்கிறாரு.

“அட, மேடு மேல வந்தாப் பாட்டு தாயி! இத்தன வருசம் தொழாவிக்கிட்டுக் கெடந்தேனே! அழுவாத, இங்க வா.”

அவ கையை அவரு பிடிச்சுப் பாத்தா, விரலு ரெண்டும் ஒட்டிக் கெடக்கு. “அட கிறுக்குப் பிள்ளை!” தேங்காண்ணெய் கொண்டாரச் சொல்லி, தடவித் தடவி, நோகாமப் பிரிச்சு விட்டாரு. அவ பெத்தவ இருந்தாக்கூட அம்புட்டுப் பக்குவமாப் பிரிச்சிருக்க மாட்டா.

சேதி கேட்டு அவ புருசன் மறுநா டவுன்லேருந்து பளபளன்னு புதுத் திருகு வாங்கிட்டு வந்தான். பெரியவர் அதைத் தடவிப் பாத்தாரு.

“இதை உன் சட்டைக்குப் பித்தானா வச்சுக்கடா. என் பொட்டியில கை வச்சே, தெரியும் சேதி! தொட்டா எங்க செல்லக்கிளி ஒருத்திதான் தொடணும்.”

அடுப்படியில நின்னவ அப்படியே ஓடி வந்தா. “கூப்பிட்டீங்களா மாமா?”

“இல்லையே”ன்னாரு. அவ திரும்பிப் போகப் போனா. அப்போ, “செல்லக்கிளி!”ன்னாரு.

“என்ன மாமா?”

“சும்மாதான் கூப்பிட்டேன்.”

திருகும் ஒட்டிக்கிச்சு, மாமனாரும் மருமகளும் ஒட்டிக்கிட்டாங்க. இனி உன் கண்ணும் ஒட்டிக்கட்டும். தூங்கு சாமி.